போகும்போது நான், வரும்போது நீங்கள்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

இப்படித் தொடங்கலாமா கூடாதா என்று யோசித்தே இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. சட்டப்படி நீங்கள் இப்போது என் அண்ணி இல்லை. ஆனால் வேறு எப்படிக் கூப்பிடுவது? என்னைவிட இரண்டு வயது சின்னவரை ‘அண்ணி’ என்று அழைக்க ஆரம்பத்தில் எனக்கு நாக்கு கூசியது. பழகிய பிறகு மாற்ற வரவில்லை. பிடிக்காவிட்டால் அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிட்டு மேலே படியுங்கள்.

உங்கள் பழைய எண்ணில் இப்போது யாரோ ஒரு சோபா தைப்பவர் எடுக்கிறார். நல்ல மனிதர், பாவம், மூன்று முறையும் பொறுமையாகப் பதில் சொன்னார். முகவரி கிடைத்தது தற்செயலாகத்தான். என் கண்ணாடிக் கடைக்கு வந்த ஒரு பெண், தன் அம்மாவுக்கு வெளியூரில் முழங்கால் ஆபரேஷன் நடந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அங்கே சிரிக்கவே சிரிக்காத ஒரு பிசியோதெரபி அம்மா விரட்டி விரட்டி நடக்க வைத்தாராம். அது யார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் மறுபடி பறக்கப் போகிறேன்.

போன மாதம் ஒருவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணுக்கு வில்லையை மாற்றி மாற்றி, எழுத்து இதில் தெளிவா அதில் தெளிவா என்று கேட்கும்போது மேலே சத்தம் கேட்டது. நம் ஃபிளையிங் கிளப் விமானம்தான். அந்த இருமல் வேறு எந்த இன்ஜினுக்கும் கிடையாது. வில்லையும் கையுமாகத் தெருவுக்கு ஓடிவிட்டேன். அது கண்ணுக்கு மறையும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்தால், மனிதர் ஒற்றைக் கண்ணோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். "என்னம்மா, தெரிஞ்சவங்க யாராவது போறாங்களா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீங்கள் ஊரைவிட்டுப் போன பிறகு ஒரே ஒரு முறை கிளப்புக்குப் போனேன். இடது இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன், வலது பக்கம் திரும்பிப் பார்த்தேன், இறங்கி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு லைசென்ஸ் அலமாரியில் மறந்துபோன மருந்துப் புட்டி மாதிரி தானாகவே காலாவதி ஆகிவிட்டது. இப்போது எல்லாம் முதலிலிருந்து. மருத்துவச் சான்று, விதிகள் பற்றிய தேர்வு, ஆசிரியரோடு பயிற்சி, கடைசியில் பறந்து காட்டும் தேர்வு.

மருத்துவச் சான்று வாங்கியாகிவிட்டது. அங்கே ஒரு வேடிக்கை. டாக்டர் சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டை என் கடையில் இருப்பதேதான். அவர் முதல் வரியைக் காட்டுவதற்குள் நான் கடைசி வரியை ஒப்பித்துவிட்டேன். மனிதர் முறைத்தார். கடைசியில் எதிர்ச் சுவரில் மின்விசிறியின் மேல் இருந்த கம்பெனிப் பெயரைப் படிக்கச் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டார்.

நீங்களும் வாங்கள். இதைக் கேட்கத்தான் இவ்வளவு நீட்டினேன். நம் வழக்கம் உங்களுக்கு மறந்திருக்காது. போகும்போது நான் ஓட்டுவேன், வரும்போது நீங்கள். பாதி வழிக்கு ஆள் இல்லாமல் நான் என்ன செய்ய?

பதில் எதிர்பார்த்து,
உங்கள் வாயாடி


மார்ச் 2

அன்புள்ள வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. எந்தச் சொல்லையும் அடிக்கவில்லை. ஆனால் ‘அண்ணி’ என்பதை நான் ஏற்றுக்கொண்டதாக நினைத்துவிடாதே.

மருத்துவச் சான்று வாங்கியதில் மகிழ்ச்சி. உனக்கு அது வேண்டும். தரையில் நீ பேசுவதைத் தாங்குவதற்கு உன் ஊருக்குத் தெம்பு போதாது.

நான் வரமாட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் லைசென்ஸும் உன்னுடையதைப் போலவே போய்விட்டது, அதைத் தேடி எடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. காலையில் வேலை, மாலையில் சின்ன நடை, இரண்டு செடி, ஒரு நல்ல ஜன்னல். எனக்கு இது பிடித்திருக்கிறது.

உன் அண்ணன் மறுபடி திருமணம் செய்துகொண்டதைக் கேள்விப்பட்டேன். நல்ல பெண்மணி என்றும் கேள்வி. அவர்தான் இப்போது உனக்கு அண்ணி. அவர் இருக்கும்போது நீ எனக்குக் கடிதம் எழுதுவது அவர் மனதை வருத்தக்கூடும், அதையும் யோசி. விவாகரத்து ஆனால் கணவன் மட்டும் போவதில்லை. மாமனார், மாமியார், நாத்தனார், அவர்கள் வீட்டுக் காலண்டரில் குறித்து வைத்த பிறந்தநாள்கள் எல்லாம் சேர்ந்துதான் போகின்றன. உன்மேல் எனக்குக் கோபம் எப்போதும் இருந்ததில்லை. உன்னையும் அந்தக் கணக்கில் சேர்த்து விட்டுவிட்டேன், அவ்வளவுதான். அப்போது அதுதான் முறை என்று தோன்றியது.

போன் எண் கேட்டு எழுதாதே. போனில் நீ மட்டும்தான் பேசுவாய். தாளில் என்றால் நானும் இரண்டு வார்த்தை சொல்லலாம்.

அந்த விமானத்தின் வலது கதவு இன்னும் ஒட்டிக்கொள்கிறதா?

நலம் விரும்பும்,
(கையெழுத்து மட்டும்)


ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணிக்கு,

கதவு இன்னும் ஒட்டுகிறது. தோளால் இடித்தால்தான் திறக்கும். வரமாட்டேன் என்று எழுதுகிறவர்கள் கதவைப் பற்றி விசாரிப்பார்களா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "மாட்டாங்க" என்றார்.

புது அண்ணியிடம் உங்கள் கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். மறைத்து எழுதுவது எனக்கு வராது என்று உங்களுக்கே தெரியும். அவர், "அதுக்கென்ன, நான் வந்ததால உங்க சிநேகிதம் எதுக்குப் போகணும்?" என்று கேட்டார். ஆகவே அந்தச் சாக்கு செல்லாது. அண்ணன் எப்போதும் போல முக்காலி மேல் ஏறி பல்பு மாற்றக்கூடப் பயந்துகொண்டு நலமாக இருக்கிறார்.

இப்போது என் அவமானத்தைக் கேளுங்கள்.

பயிற்சி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. புது ஆசிரியை என் மகள் வயதுதான் இருப்பாள். அதிகம் பேசமாட்டாள், உங்கள் ஜாதி. கைக்கு எல்லாம் நினைவிருந்தது. வாய்தான் சிரமப்பட்டது. ரேடியோவில் பேசும் வாசகங்களில் பாதியை மாற்றிவிட்டார்கள். நான் பழைய வாசகத்தைச் சொல்லிவிட்டு, அதைச் சரிக்கட்ட மறுமுனையில் இருந்தவரின் உடல்நலத்தை விசாரித்தேன். அவர் என்ன செய்வார், பாவம். நலம் என்றார்.

போன சனிக்கிழமை ஆசிரியை, தெற்கே இருக்கும் அந்தப் பழைய விமானக் களத்துக்குப் போய் வரலாம் என்றாள். நாம் சாப்பிடப் போவோமே, அதே இடம்தான். காலையில் கிளம்பினோம். அண்ணி, நான் ஓட்டிய அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கண்ணைக் கட்டி விட்டாலும் போயிருப்பேன். பூப்போல இறக்கினேன். ஆசிரியைகூட ஒரு முறை தலையாட்டினாள். அங்கேயே சாப்பிட்டுவிட்டு, வெயில் சாயத் தொடங்கியதும் திரும்பக் கிளம்பினோம்.

அவ்வளவுதான். மேலே ஏறி வடக்கே திரும்பியதும் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. கீழே இருந்த ஊர் ஏதோ வேற்று நாடு. வயல், சாலை, கூரை எதையும் நான் பார்த்ததே இல்லை. நம் களம் அருகில்தான் இருக்க வேண்டும் என்று கணக்கு சொல்கிறது, கண் சொல்லவில்லை. மேற்கிலிருந்து வெயில் அடித்து எல்லாம் ஒரே வெள்ளி. பிற்பகலில் காற்று மாறி, மேற்கு நோக்கி இறங்க வேண்டும் என்று ரேடியோவில் சொன்னார்கள். நல்லவேளையாக எதிரே நீளமாக, நேராக, சாம்பல் நிறத்தில் ஓடுதளம் தெரிந்தது. எனக்கு உயிர் வந்தது. வேகத்தைக் குறைத்தேன், கீழே இறங்கத் தொடங்கினேன்.

ஆசிரியை அமைதியாகக் கேட்டாள். "மேடம், இப்ப எங்க இறங்கப் போறீங்க?"

"நம்ம ரன்வேலதான்."

"அது புதுசா போடுற ஹைவே மேடம். இன்னும் திறக்கல."

அவளே விமானத்தை மேலே எடுத்துக்கொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை, அதிலிருந்தே என் நிலையைப் புரிந்துகொள்ளுங்கள். இறங்கிய பிறகு, இத்தனை வருடம் பறந்தவருக்குத் தன் களம் எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். நான் படித்த காலத்தில் பயிற்சியெல்லாம் காலையில்தான். அப்போது காற்று கிழக்கிலிருந்து வரும், எதிர்ப்பக்கமாக இறங்குவோம். அதற்குப் பிறகு நாம் இருவரும் பறந்த காலம் முழுவதும், வரும்போது நீங்கள் ஓட்டினீர்கள். நான் சாப்பிட்ட மயக்கத்தில் பக்கத்தில் தூங்கினேன். பல வருடம் பறந்தவள், ஒரு மாலைகூடத் திரும்பி வந்ததில்லை. வேறு யார் வீட்டிலாவது இப்படி ஒரு கூத்து நடக்குமா?

"அப்ப உங்களை யாரு கொண்டு வந்து விட்டாங்க?" என்றாள்.

"எங்க அண்ணி" என்றேன்.

தனியாகத் திரும்பி வந்து காட்டும்வரை தேர்வுக்கு அனுப்பமாட்டாளாம். நீங்கள் வராவிட்டால் போகிறது. எப்படி வந்தீர்கள் என்றாவது எழுதுங்கள்.

தலைகுனிந்து,
வாயாடி


ஏப்ரல் 27

அன்புள்ள வாயாடிக்கு,

நெடுஞ்சாலையில் இறங்கப் போன இடத்தைப் பிசியோதெரபி அறையில் வைத்துப் படித்தேன். சத்தமாகச் சிரித்துவிட்டேன். நடைபழகிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பயந்துபோய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார். என் வாயில் பல் இருப்பதே அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பெண் பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? இனி எனக்கு எழுதும்போது முதல் வரியிலேயே ‘பத்திரமாக இருக்கிறேன்’ என்று போட்டுவிட்டுக் கதையைத் தொடங்கு.

உன்மேல் மட்டும் குற்றமில்லை. இங்கே வருகிறவர்களுக்கும் நேராக நடப்பது சீக்கிரம் வந்துவிடும். அறையின் மறுகோடிவரை ஜம்மென்று போய்விடுவார்கள். அங்கே நின்று உடம்பைத் திருப்ப வேண்டும், அங்கேதான் விழுவார்கள். அதனால் திரும்புவதை நான் தனியாகச் சொல்லிக்கொடுப்பேன். உனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நான் வந்த வழி இது. அந்தக் களத்திலிருந்து கிளம்பியதும் வடக்கே வராதே. கிழக்கே போ. கொஞ்ச நேரத்தில் ஆறு வரும். அதை உன் இடது பக்கம் வைத்துக்கொண்டு, அது வளைகிறபடியெல்லாம் நீயும் வளைந்து வா. நடுவில் ஒரு மணல் திட்டு இருக்கும், அதில் வெள்ளைப் பறவைகள் உட்கார்ந்திருக்கும், தாழப் பறந்து அவற்றைக் கலைக்காதே. பிறகு ரயில் பாலம். பாலத்துக்கு மேல் வந்ததும் மேற்கே திரும்பினால் களம் நேர் எதிரே இருக்கும். இறங்குவதற்குச் சரியான பக்கத்திலேயே வந்து சேர்ந்திருப்பாய்.

வெயில் கண்ணில் அடிக்கும். ஊருக்கெல்லாம் கண்ணாடி விற்கிறாய், ஒரு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளத் தோன்றவில்லையா?

அன்புடன்,
(கையெழுத்து)


மே 20

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாக இருக்கிறேன். (போட்டுவிட்டேன்.)

நீங்கள் சொன்ன வழியில் வந்தேன். கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டேன். கடையில் இருப்பதிலேயே பெரியதாக எடுத்துக்கொண்டதில் ஆசிரியைக்கு என் முகமே தெரியவில்லையாம். ஆறு வந்தது, மணல் திட்டு வந்தது, பறவைகளும் இருந்தன. ரயில் பாலத்தில் திரும்பியதும் களம் எதிரே விரித்து வைத்த பாய் மாதிரி இருந்தது. ஆசிரியை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானே இறக்கினேன். கொஞ்சம் துள்ளியது. பரவாயில்லை.

இறங்கியதும் அவள் வரைபடத்தை விரித்தாள். "நல்லாத்தான் கொண்டு வந்து சேக்குது. ஆனா மேடம், இது ரொம்பச் சுத்து. நேரா வந்தா இதுல பாதிதான். உங்க அண்ணி எதுக்கு இந்தப் பக்கமா வந்தாங்க?"

நேர் வழியில் மழைமேகம் அதிகம் என்று ஏதோ உளறினேன். வீட்டுக்கு வந்து நானும் அளந்து பார்த்தேன். ஆமாம், பாதிதான்.

அண்ணி, உங்களை எனக்குத் தெரியும். கடைக்குப் போனால் எந்தப் பக்க வாசலில் நுழைந்தால் நாலடி மிச்சம் என்று பார்க்கிறவர் நீங்கள். வழி தெரியாமல் சுற்றியிருக்கமாட்டீர்கள். நான் ஒவ்வொரு முறையும் விழித்துப் பார்க்கும்போது ரயில் பாலம் தெரியும், ‘வந்துட்டோமா’ என்பேன், ‘வந்துட்டோம்’ என்பீர்கள். அந்த ‘வந்துட்டோம்’ என்ற குரல் நினைவுக்கு வந்தது. அப்போது அது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. இப்போது இரண்டு நாளாக அது காதிலேயே நிற்கிறது.

வீட்டுக்குப் போகப் பிடிக்காமல்தான் ஆற்றைச் சுற்றினீர்களா? கேட்கக்கூடாது என்றால் இந்தப் பத்தியை அடித்துவிடுங்கள். நானும் கேட்காததாக இருந்துவிடுகிறேன்.

உங்கள்,
வாயாடி


ஜூன் 11

அன்புள்ள வாயாடிக்கு,

அடிக்கவில்லை. இந்தத் தடவை பதில் எழுதத்தான் நாளாகிவிட்டது.

ஆமாம்.

உன் அண்ணன் கெட்டவர் இல்லை. கைநீட்டியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. அவரும் நானும் ஒரே வீட்டில் இருந்த இரண்டு வாடகைக்காரர்கள். சமையலறையில் எதிரே வந்தால் வழிவிட்டு ஒதுங்குவோம், அவ்வளவு மரியாதை. அதற்காக யாரும் அழமாட்டார்கள், யாரிடமும் சொல்லவும் முடியாது. என்னதான் குறை என்று கேட்டால் நான் எதைக் காட்டுவேன்?

மாதத்தில் ஒரு நாள் நாம் பறந்தோம். திரும்பி வருகிற அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு வேண்டியிருந்தது. அதனால் அதை ஆற்றோடு இழுத்து நீட்டினேன். நீ தூங்குவாய், தலை என் தோள் பக்கம் சாய்ந்துவிடும். குறட்டையும் உண்டு, இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். எனக்கு அது இடைஞ்சலாக இருந்ததே இல்லை. ஒரு ஆள் நம்மை நம்பிப் பக்கத்தில் தூங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த வீட்டில் இருந்தவளுக்குத்தான் தெரியும். வீட்டைவிட்டு வந்த பிறகு வீடு நினைவுக்கு வந்ததில்லை. ஆறுதான் வந்தது.

அதனால்தான் வரமாட்டேன் என்றேன். மறுபடி அந்த இருக்கையில் உட்கார்ந்தால், மறுபடி அந்தக் களத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து வெளியே வந்தால் அதே தெரு, அதே முனைக்கடை, ‘எங்கம்மா ஆளையே காணோம்’ என்று கேட்கிற அதே முகங்கள். யாராவது நான் யார் என்று கேட்டால் நீ என்ன சொல்லி அறிமுகப்படுத்துவாய்? என்னால் அந்த ஊருக்கு வர முடியாது. வற்புறுத்தாதே.

உனக்கு நேர் வழி சொல்கிறேன், இனி அதில் வா. கிளம்பியதும் வடக்கே திரும்பி, கல்குவாரியைத் தேடு. மலையைப் பிய்த்து எடுத்த வெள்ளைத் தழும்பு, எந்த வெயிலிலும் தெரியும். அதை வலது கைப்பக்கம் விட்டுவிட்டு நேரே வந்தால் குளம். குளத்துக்கு அப்பால் ஓடுதளத்தைத் தேடாதே, வெயிலில் தெரியாது. விமானக் கொட்டகையின் தகரக் கூரையைப் பார். களத்துக்கு மேலே உயரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, கிழக்கே போய்த் திரும்பி இறங்கு.

உனக்குச் சுற்று வழி தேவையில்லை. உன் வீட்டுக்காரர் ஃபிளாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு வேலி ஓரம் நிற்பார். டீ ஆறிவிடும். நேராக வீட்டுக்குப் போ.

அன்புடன்,
(கையெழுத்து)


ஜூலை 18

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாக இருக்கிறேன். தேர்விலும் தேறிவிட்டேன். லைசென்ஸ் கையில் இருக்கிறது, புகைப்படத்தில் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருக்கிறேன்.

நேர் வழியில்தான் வந்தேன். குவாரி, குளம், தகரக் கூரை. தேர்வு எடுத்தவர் மீசைக்காரர், போகும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கி நின்றதும், "திரும்பி வர்றது சுத்தமா இருந்துச்சும்மா, யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார். ஆசிரியை என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். "தபால்ல படிச்சாங்க சார்" என்றாள். அவள் பேசிய முதல் ஜோக் அது.

உங்கள் போன கடிதத்தை நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. என் வீட்டுக்காரருக்கும் இல்லை. அதைப் பற்றி நான் எழுதவும் போவதில்லை. எனக்கு எழுதத் தெரியவில்லை. அப்போது என் வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருந்தது, விமானத்தில் அதுவும் இல்லை. ஆனாலும் எனக்குத் தெரியவில்லையே. இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நீங்கள் இங்கே வர வேண்டாம். சரி, வற்புறுத்தவில்லை. வரைபடத்தில் உங்கள் ஊருக்கு வெளியே, நாம் சாப்பிடப் போன களத்துக்கும் தெற்கே, ஒரு சின்னக் களம் இருக்கிறது; திரும்பி வருவதும் அதே குவாரி வழிதான். விசாரித்துவிட்டேன், வெளி விமானங்களும் இறங்கலாம். ஆகஸ்ட் முதல் ஞாயிறு, மழை இல்லாவிட்டால், நான் அங்கே வருகிறேன். தனியாக. போவது எனக்குக் கைவந்த கலை. திரும்புவதும் இப்போது தெரியும், அதனால் என்னைக் கொண்டுவந்து விட யாரையும் கேட்கமாட்டேன். நீங்கள் சாப்பாடு மட்டும் எடுத்து வாருங்கள். மனமிருந்தால் மேலே ஒரு சுற்று கூட்டிப்போகிறேன். மனமில்லாவிட்டால் மரத்தடியில் உட்கார்ந்து பேசிவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

யாராவது கேட்டால் என்ன சொல்வாய் என்று கேட்டிருந்தீர்கள். நான் என்ன புதிதாகச் சொல்லப் போகிறேன்? அண்ணன் உங்களை விட்டார், நீங்கள் அண்ணனை விட்டீர்கள், அது உங்கள் இரண்டு பேர் விவகாரம். கோர்ட்டில் என் பெயரை யாரும் கூப்பிடவில்லை. நான் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை.

ஞாயிறு பார்க்கலாம்,
உங்கள் வாயாடி


ஆகஸ்ட் 5

வாயாடி,

இந்தக் கடிதம் கோபத்தில் எழுதுவது. அன்புள்ள, வணக்கம், நலமா எதுவும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை நன்றாகத்தான் இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ இறங்கும்போது இரண்டு முறை துள்ளியது, அதையும் சொல்லிவிடுகிறேன். மேலே போனதும் நீ கையை எடுத்துக்கொண்டு ‘கொஞ்ச நேரம் பிடிங்க’ என்றாயே, அப்போது நான் பிடித்ததை வைத்து எந்தக் கணக்கும் போடாதே. மறுபடி பறப்பேனா என்று எனக்குத் தெரியாது. இந்தப் பக்கத்து ஜனங்களை மேலேயிருந்து பார்த்தேன், என் ஜன்னலையும் கண்டுபிடித்தேன். இப்போதைக்கு அது போதும்.

நீ கிளம்பிய பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. விமானம் புள்ளியாகிப் போன பிறகும் நான் அங்கேயே நின்றிருக்கிறேன். களத்தில் எரிபொருள் நிரப்புகிறாரே, அந்தக் குட்டை ஆள், அருகில் வந்து கேட்டார்.

"யாரும்மா அவங்க, உங்க அக்காவா?"

"நாத்தனார்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாத்தனாருக்கா இவ்ளோ நேரம் வெயில்ல நிக்கிறீங்க?"

சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு, போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கிளம்பும்போது என்ன சொல்லி அனுப்பினேன்? போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல் என்றேன். போன் எண்ணை உன் கையிலேயே எழுதி விட்டேன். நீயும் சரி சரி என்று தலையாட்டினாய். இந்நேரம் குவாரியைத் தாண்டியிருப்பாள், இந்நேரம் குளம் என்று மனதுக்குள் கூடவே வந்தேன். களத்தில் இறங்கியிருக்க வேண்டிய நேரமும் ஆயிற்று. போன் வரவில்லை. வெயில் தாழ்ந்தது. போன் வரவில்லை. வெறும் வயிற்றோடு வாசலுக்கும் அறைக்கும் நடந்துகொண்டிருந்தேன். காற்று மாறியிருக்குமோ, மேகம் மறைத்திருக்குமோ, நெடுஞ்சாலையைத் திறந்துவிட்டார்களோ என்று எதையெல்லாமோ நினைத்தேன்.

கடைசியில் தாங்காமல் கிளப்புக்கு நானே போன் செய்தேன். எடுத்தவர், "அவங்களா? எப்பவோ இறங்கிட்டாங்களே. வெளிய உக்காந்து எல்லார்கிட்டயும் கதை சொல்லிட்டிருக்காங்க. கூப்பிடவாம்மா?" என்றார். வேண்டாம் என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு சமையலறையில் நின்று ஓவென்று அழுதேன். பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் தட்டி, யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை, அதனால்தான் அழுகிறேன் என்று அவளுக்கு எப்படிப் புரிய வைப்பது?

வாயாடி, எனக்கு இது பழக்கமில்லை. அத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் யார் வரவுக்காகவும் நான் இப்படி வாசலைப் பார்த்ததில்லை. என் வரவை யாரும் பார்த்ததும் இல்லை. இந்த வயதில் புதிதாகக் கற்றுக்கொள்ள வைத்துவிட்டாய்.

அடுத்த மாதமும் வருவதாகச் சொன்னாய். வா. சாப்பாடு கொண்டு வருகிறேன். ஆனால் ஒன்று. திரும்பிப் போய் இறங்கி, இன்ஜினை அணைத்ததும், கதை, டீ, கைகுலுக்கல் எல்லாவற்றுக்கும் முன்னால் எனக்குச் சொல். உன் வீட்டுக்காரர் வேலி ஓரம்தான் நிற்கிறார், கண்ணால் பார்த்தாலே அவருக்குத் தெரிந்துவிடும். எனக்கு நீ சொன்னால்தான் தெரியும்.

அண்ணி